நல்ல செய்தி மட்டும் வந்த வாரங்கள்

காலை மீட்டிங்கைச் சித்தி எப்போதும் தன் தவறோடுதான் தொடங்குவாள். "நேத்து நான் ஒரு வேலையைச் சொதப்பிட்டேன், கேளுங்க" என்பாள். பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். மெயில் தப்பான ஆளுக்குப் போயிருக்கும். அவசரத்தில், ஒருவர் எழுதிய நிரலை முழுக்கப் படிக்காமல் சரி போட்டிருப்பாள். சொல்லி முடித்ததும் கையிலிருக்கும் பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவாள். பேனா யார் கைக்குப் போகிறதோ அவர் தன் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். நல்ல செய்திக்கு அவசரமில்லை, அது மத்தியானம் வரைக்கும் ஊசிப்போகாமல் இருக்கும் என்பது அவள் கட்சி.

அவள் அங்கே யாருக்கும் சித்தி இல்லை. அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சித்தி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வீட்டு ஞாபகத்தில் சொல்லிவிட்டாள். அறையே சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு மேசைக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. "சித்தின்னு கூப்பிட்டா சும்மா இல்ல, செலவு இருக்கு. எல்லாருக்கும் நீதான் டீ வாங்கணும்" என்றாள் இவள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குப் 'புதுசு' என்ற பெயர் ஒட்டியது. அவளுக்குப் பின்னால் எத்தனையோ பேர் வந்த பிறகும் அவள்தான் புதுசு.

அவர்கள் எழுதியது ஆம்புலன்சுகளுக்கான மென்பொருள். ஊரில் ஒருவர் அவசர எண்ணை அழைத்தால், பக்கத்தில் எந்த வண்டி காலியாக இருக்கிறது என்று பார்த்து, அந்த ஓட்டுநரின் கைபேசிக்கு அது செய்தி அனுப்பும். ஓட்டுநர் ஏற்றுக்கொண்டதும் அழைத்தவரின் திரையில் 'வண்டி கிளம்பிவிட்டது' என்று வரும். அதுவரை இந்த வேலையைக் கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் காது சிவக்கப் பேசி, வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிச் செய்துகொண்டிருந்தார்கள்.

சித்தியும் ஒரு காலத்தில் அப்படிக் காது சிவந்தவள்தான். கல்யாணமான புதிதில் ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஆபரேட்டர். மாலை வகுப்புக்குப் போய் நிரல் எழுதப் படித்தாள். மகன் மடியில் தூங்க, அவன் தலைக்கு மேல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தேர்வுக்குத் தயாரானாள். முதல் கம்பெனியில் அவள் மேலாளர் கெட்ட செய்தி கொண்டுவந்தவர்களை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவார். கொஞ்ச நாளில் அவரிடம் யாரும் எதையும் கொண்டுபோகவில்லை. கம்பெனி படுத்த அன்று அதிர்ச்சியடைந்த ஒரே ஆள் அவர்தான். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சித்தி சிரிப்பாள். ஆனால் அவள் தன் அணியில் வைத்திருந்த வழக்கங்கள் எல்லாம் அந்த மனிதரிடமிருந்து தலைகீழாகக் கற்றவை.

அதற்குப் புதுசே சாட்சி. ஒருமுறை அவள் சோதனைக்காக எழுதிய செய்தி தவறிப்போய், பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்த அத்தனை ஓட்டுநர்களுக்கும் போய்விட்டது. ஓய்வில் இருந்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் வெளியில் நின்று, இத்தனை பெரிய விபத்தைக் காணோமே என்று தேடியிருக்கிறார்கள். புதுசு அழுத முகத்தோடு, ராஜினாமாக் கடிதத்தைக் கையிலேயே எழுதி எடுத்துவந்தாள்.

"அதை மடிச்சு வை. முதல்ல சொல்லு, சாப்பிட்டியா?"

"இல்ல சித்தி."

"நீ ஒரு பட்டனை அழுத்தினதுக்கு இத்தனை பேர் ஓடி வந்தாங்கன்னா, அந்தப் பட்டன் அங்க இருந்திருக்கவே கூடாது. அதை அங்க வெச்சது நான். சாப்பிட்டுட்டு வா, ரெண்டு பேருமா போய் டிரைவருங்ககிட்ட மன்னிப்பு கேட்கலாம். கண்டபடி பேசுவாங்க. வாங்கிக்கலாம்."

டைரக்டர் கூப்பிட்டு, யார் செய்தது என்று கேட்டார். "டீம் பண்ணிச்சு சார். டீம்னா நான்" என்றாள். அதற்கு மேல் அவரால் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தாள். "இன்னைக்கு என் கெட்ட செய்தி கொஞ்சம் பெருசு" என்றாள். வயிற்றில் கட்டி. சிகிச்சை தொடங்கப்போகிறது. சில நாள் வருவாள், சில நாள் வரமாட்டாள். "முடி கொட்டுமாம். பாதி ஏற்கெனவே உங்களால போயிடுச்சு, மீதியை டாக்டர் பாத்துக்குவார்."

யாரும் சிரிக்கவில்லை. பேனாவை நெட்டையிடம் நீட்டினாள். நெட்டை அணியில் மூத்தவன். சோதனை அறையின் நிலைப்படியில் தினமும் நெற்றியை இடித்துக்கொள்கிற உயரம். பேச்சு குறைவு. அவள் இல்லாத நேரத்தில் அணி அவன் பொறுப்பு.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல சித்தி" என்றான்.

அன்று அது உண்மையாகவே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பேனா மிக வேகமாகச் சுற்றிவரத் தொடங்கியது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கைமாறி, அவள் கைச்சூடு ஆறுவதற்குள் அவளிடமே திரும்பி வந்தது. சுவரில் இருந்த பெரிய திரை முழுக்கப் பச்சை. கிழக்கு வார்டுகளில் சோதனை ஓட்டம் ஆரம்பித்திருந்தார்கள். அந்த வார்டுகளின் அழைப்புகளை இப்போது ஆட்கள் தொடுவதில்லை, மென்பொருளே பார்த்துக்கொண்டது. புகார் ஒன்றுகூட வரவில்லை. டைரக்டர் கேக் வாங்கிவந்து வெட்டினார். ஊர் முழுக்க மாற்றுவதற்கு நாள் குறித்தாயிற்று. அன்றோடு கட்டுப்பாட்டு அறையின் பழைய தொலைபேசிகளைக் கழற்றிவிடுவார்கள்.

சித்தி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வருவாள். அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. நாற்காலி தானாக நகர்ந்து வந்தது. நெட்டையும் புதுசும் முன்பெல்லாம் ஒரு வரி நிரலுக்காக அரை நாள் சண்டை போடுவார்கள். இப்போது ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். சண்டையே போடாத ஓர் அணியை அவள் தன் வேலைக்காலத்தில் கண்டதில்லை. கேக்கை வாயில் வைத்தாள். அது மருந்தின் கசப்போடு கலந்து நாக்கிலேயே நின்றது.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் சமையலறையில் சீட்டியடித்தார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷமா இருக்காரு, போ."

டாக்டர் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தாள். வேறு ஊரில் வேலையிலிருந்த மகனிடம் போனில் கேட்டாள். அவனும் அதே சொற்களையே சொன்னான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூட அப்பாவைப் போலவே இருந்தது. அவள் மேலே கேட்கவில்லை.

சிகிச்சைக்கு நடுவே சற்றுத் தெம்பாக இருந்த ஒரு மத்தியானம், சொல்லிக்கொள்ளாமல் சோதனை அறைக்குப் போனாள். செருப்பு வைக்கும் அலமாரி மாதிரி ஒன்று அங்கே உண்டு. அதன் தட்டுகளில் வரிசையாகக் கைபேசிகள். ஒவ்வொன்றும் ஓர் ஓட்டுநருக்குப் பதிலாக. போலி அழைப்புகளை அனுப்பி, எல்லாம் போய்ச் சேருகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. நெட்டை ஒரு கையில் பன்னோடு, யாரிடமோ போனில் வாடகை வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஒரு சோதனை தோற்றதாகத் திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. அவன் கட்டைவிரல் நகர்ந்துபோய் 'மீண்டும் ஓட்டு' என்ற பொத்தானை அழுத்தியது. கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டம் பச்சையானது. அவன் "அட்வான்ஸ் எவ்ளோ கேட்கறாங்க?" என்று பேசிக்கொண்டே பன்னைக் கடித்தான்.

சித்தி கதவோரம் நின்றிருந்தாள். அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ எதை அழுத்தின?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "எதை சித்தி?"

"அழுத்தினதே உனக்குத் தெரியல, பாத்தியா."

"ஓ, அதுவா. ஒண்ணுமில்ல. இந்த அலமாரி வைஃபை அப்பப்போ படுத்துது. ஏதாவது ஒரு போன் தூங்கிடும். திரும்ப ஓட்டினா சரியாயிடும். டெஸ்ட்தான் கெட்டுப்போயிருக்கு, நம்ம நிரல் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"மீட்டிங்ல சொல்லலையே."

"இதைப் போய்ச் சொல்றதா? நீங்க வாந்தி எடுத்துட்டு வந்து, சுவத்தைப் பிடிச்சுட்டு உட்கார்றீங்க. வைஃபை சரியில்லைன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வருமா?"

அவள் அலமாரிப் பக்கம் வந்தாள். "போன் தூங்கிடுச்சு, சரி. அந்த நேரத்துல, அழைச்சவங்க திரையில என்ன வரும்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

அவனுடைய எவர்சில்வர் டிபன் டப்பாவைக் காலி செய்யச் சொன்னாள். அலமாரியிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து அதற்குள் வைத்து இறுக்கி மூடினாள். இப்போது அந்தப் போன் சிக்னல் இல்லாத தெருவில் நிற்கும் ஓட்டுநர். "அனுப்பு" என்றாள். 'ஓட்டுநரை எட்டவில்லை, அடுத்த வண்டி தேடப்படுகிறது' என்று வந்தது. சரியான பதில். மறுபடி அனுப்பினான். அதே பதில். மறுபடியும், மறுபடியும். நெட்டையின் முகம் தெளியத் தொடங்கியது. "நான்தான் சொன்னேனே சித்தி."

"நிறுத்தாத."

அனுப்பிக்கொண்டே இருந்தான். ஏதோ ஒரு தடவை திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு 'வண்டி கிளம்பிவிட்டது' என்று காட்டியது.

டப்பா மூடியபடியே இருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

'செய்தியை வாங்கிக்கொண்டோம்' என்று தொலைபேசி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் சொல்வதை, எப்போதோ ஒருமுறை, ஓட்டுநரே 'வருகிறேன்' என்று சொன்னதாக அவர்கள் நிரல் எடுத்துக்கொண்டது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழக்கு வார்டுகளில் அது அந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தது.

டைரக்டரிடம் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"ஒரு புகார்கூட வரலையே மேடம்."

"அதான் சார் பயமா இருக்கு. வண்டி வருதுன்னு நம்பி உட்கார்ந்திருந்தவங்க யார்கிட்ட புகார் பண்ணுவாங்க? அன்னைக்கு அவங்களுக்கு வேற வேலை இருந்திருக்கும்."

"நாள் குறிச்சாச்சு. மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது? டிபன் டப்பாவுக்குள்ள போனை வெச்சுப் பாத்தோம்னா? நீங்க வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க ஆளு, அந்த உயரமான தம்பி, எல்லாம் சரியா இருக்குன்னு அவர் கையெழுத்துப் போட்டா போதும்."

அவர் குரலிலும் அக்கறைதான் இருந்தது. இந்த அக்கறை எல்லாப் பக்கமிருந்தும் தன்னைச் சூழ்ந்து நெருக்குவது போல் அவளுக்கு மூச்சு முட்டியது.

திரும்பி வந்து புதுசைக் கூப்பிட்டாள். கிளம்பியதாகச் சொன்ன வண்டிகளில் உண்மையில் இடம்விட்டு நகராதவை எவை என்று பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு வண்டியும் இருக்குமிடம் சர்வரில் பதிவாகிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. புதுசு தட்டிய வேகத்திலேயே பதில் வந்தது. அழைத்தவர்களின் தொலைபேசி எண்கள் சில. புதுசு நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

முதல் எண்ணைச் சித்தியே அழைத்தாள். எடுத்தது ஒரு பெண்.

"அம்மா, ஆம்புலன்ஸ் விஷயமா பேசுறேன். நீங்க கூப்பிட்டிருந்தீங்க."

"இப்பவா வர்றீங்க?" என்றது குரல். கோபம்கூட இல்லை. வெறும் களைப்பு.

"வண்டி வரலையாம்மா?"

"போன்ல வந்துட்டே இருக்குன்னு காட்டிச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கிச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் கார் எடுத்துட்டு வந்து நின்னாரு. நான்தான், வேணாம்ணே, வண்டி கிளம்பிடுச்சு, அவங்ககிட்ட ஆக்சிஜன் எல்லாம் இருக்கும்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

சித்தி ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அவர் இப்போ எப்படி இருக்காரும்மா?"

தூரத்தில் ஒரு குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை மூடினார்கள்.

"அவர் இல்லைங்க" என்றாள் அந்தப் பெண்.

அறையில் இருந்தவர்கள் சித்தியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அவள் போனை வைக்கவில்லை. "நீங்க அவரைக் கார்ல அனுப்பாதது உங்க தப்பில்லம்மா. வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னது நாங்க எழுதின மென்பொருள். அது பொய் சொல்லியிருக்கு. நாளைக்கு நான் நேர்ல வந்து சொல்றேன்" என்றாள். அந்தப் பெண் கேட்டாளா, எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

அங்கிருந்து நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். ஷிப்ட் சூப்பர்வைசர் பழைய ஆள். கழற்றப்போகிற தொலைபேசிகளில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கு வார்டுகளை இப்பவே பழைய போனுக்கு மாத்துங்க."

"யார் உத்தரவும்மா?"

"என் உத்தரவு. நாளைக்கு என்னைத் தூக்கிடுவாங்க. அதுவரைக்கும் செல்லும்."

அவர் அவள் தலைத்துணியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் இணைப்பை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் முதல் மணி அடித்தது. ஓர் ஆபரேட்டர் எடுத்து, "சொல்லுங்க, எங்கிருந்து பேசுறீங்க?" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் சித்தி உட்கார்ந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் கணவரிடம் கேட்டாள். "டாக்டர் சொன்னதைச் சொல்லுங்க. சீட்டியடிக்காம சொல்லுங்க."

அவர் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். "பரவிடுச்சாம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆபீஸ்ல கேக் வெட்டினாங்கன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடியே."

"பையனுக்கும் தெரியுமா?"

"நான்தான் சொல்லாதேன்னு சொன்னேன். நீ நிம்மதியா வேலைக்குப் போய்ட்டிருந்த."

"நிம்மதியா" என்று அவள் திரும்பச் சொன்னாள். அவரைத் திட்டவில்லை. இரண்டு தட்டு எடுத்துவைத்தாள். அவருக்குப் பரிமாறினாள். தானும் சாப்பிட்டாள். அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு முன்பே மெயில் வந்துவிட்டிருந்தது. உடல்நிலையைக் கருதி, மத்தியானத்திலிருந்து விடுப்பு. பொறுப்பு நெட்டைக்கு. இணைப்பை அனுமதியில்லாமல் மாற்றியது பற்றி விசாரணை உண்டு. அவள் அதைப் படித்துவிட்டு மீட்டிங்குக்குப் போனாள்.

"நம்ம வேலையால ஒருத்தர் செத்துட்டார். இன்னும் யார் யாருன்னு தெரியல" என்றாள்.

புதுசு உடைந்துவிட்டாள். "கேன்டீன்ல உட்கார்ந்து முடிவு பண்ணோம் சித்தி. உங்களுக்கு டென்ஷன் குடுக்கக் கூடாதுன்னு. சின்னச் சின்ன விஷயமெல்லாம் நாங்களே பாத்துக்கலாம்னு. சத்தியமா இது சின்ன விஷயம்னுதான்..."

"எனக்காகத்தான் பண்ணீங்க. தெரியும்." குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்கள். "எனக்குப் பயந்து நீங்க எதையும் மறைக்கக் கூடாதுன்னு எல்லாம் செஞ்சு வெச்சேன். பாசத்துல மறைப்பீங்கன்னு யோசிக்கவே இல்ல. அது நான் விட்ட ஓட்டை."

தொலைபேசி இருந்த மேசைப் பக்கம் திரும்பினாள். மீதி எண்கள் அங்கே திரையில் இருந்தன.

"சார் கையெழுத்துக் கேட்டா என்ன பண்ணட்டும்?" என்று நெட்டை கேட்டான்.

"மத்தியானத்துக்கு மேல நீதான் லீடர். நான் சொல்லமாட்டேன்."

அவன் எழுந்துபோய் அந்த மேசை முன்னால் உட்கார்ந்தான். "இவங்ககிட்ட பேசிட்டுப் போய் சார்கிட்ட பேசுறேன். நீங்க பேச வேணாம் சித்தி. நான் பேசுறேன்."

"உனக்கு வராதுடா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவன் காதில் வாங்கவில்லை.

சித்தி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "முதல்ல, உடம்பு சரியில்லாம இருந்தவங்க எப்படி இருக்காங்கன்னு கேளு. மன்னிப்பு அப்புறம். அவங்க அழுதா பேசாம இரு. போனை மட்டும் நீயா வைக்காத."

"திட்டினா?"

"திட்டட்டும்."

நெட்டை எண்ணை அழுத்தினான். ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்து அழுத்தினான். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை. கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

யாரோ எடுத்தார்கள். ஒரு குழந்தையின் குரல். "ஹலோ?"

"பாப்பா," என்றான் நெட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டான். "வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"